பத்து விழுக்காடும் 185 நாளும்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் வசிக்கிறேன். கைதானவர்களை ஜாமீனில் எடுத்துவிடும் பெயில் பாண்ட் ஏஜென்ட் தொழிலுக்கு நண்பர் ஒருவர் கூப்பிடுகிறார். ஜாமீன் தொகையில் பத்து விழுக்காடு நமக்கு, முதலீடே வேண்டாம் என்கிறார். லைசென்ஸ் வாங்குவது எப்படி? இறங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். ஹெச்-1பி என்றால் உங்களுக்காக மனுச் செய்த கம்பெனியைத் தவிர வெளியே வேலை பார்க்க முடியாது, பகுதிநேரமாகக்கூட. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் மேலே படியுங்கள்.

லைசென்ஸ் தருவது மாநிலக் காப்பீட்டுத் துறை. நீங்கள் விற்கப்போவது, கைதானவர் வழக்குக்கு வராவிட்டால் ஜாமீன் தொகையைக் கட்டுவதாக ஒரு ஷூரிட்டி கம்பெனி (பொறுப்பேற்கும் காப்பீட்டு நிறுவனம்) தரும் உத்தரவாதம், அதாவது பாண்ட், என்பதால் லைசென்ஸ் தருவதில் நீதிமன்றத்துக்கு வேலையில்லை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். துறை அங்கீகரித்த 20 மணி நேர வகுப்பு, அதன்பின் தேர்வு, லைவ் ஸ்கேன் கைரேகை, உங்கள் பெயரில் 1,000 டாலர் உத்தரவாதப் பத்திரம், இவை தேவை. விண்ணப்பத்தில் பழைய தண்டனை ஏதாவது இருந்தால், பின்னால் அது ரத்தாகியிருந்தாலும் எழுதிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே நிராகரிக்கக் காரணமாகிவிடும். கடைசியாக, உங்களை ஏஜென்டாக நியமித்ததாக ஷூரிட்டி கம்பெனி துறைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். புதியவருக்குக் கடினமான படி இதுதான். நஷ்டம் வந்தால் தாங்குவாரா என்றுதான் கம்பெனி பார்க்கும்.

உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டதும் அந்த நஷ்டத்தைத்தான். ஜாமீன் 20,000 டாலர் என்று வையுங்கள். கம்பெனி துறையிடம் பதிந்த கட்டணம் பெரும்பாலும் 10 விழுக்காடு, ஆக 2,000 வரும். அதில் பத்தில் ஒரு பங்கு கம்பெனிக்கு, இன்னொரு பங்கு, நஷ்டம் வந்தால் எடுத்துக்கொள்ள ஒதுக்கிவைக்கும் 'பில்ட்-அப் ஃபண்ட்' எனும் சேமநிதிக்கு என்று ஒப்பந்தம் இருந்தால் கையில் நிற்பது 1,600. வாடகையும் இரவுபகல் போன் எடுக்கும் ஆளின் சம்பளமும் இதற்குள்தான். நீங்கள் ஜாமீனில் எடுத்தவர் வாய்தாவுக்கு வராமல் போய், முழுத்தொகையும் உங்கள் தலையில் விழுந்தால், பன்னிரண்டு பதின்மூன்று பாண்டில் சம்பாதித்தது ஒரே ஆளோடு போய்விடும்.

சட்டம் அவகாசம் தருகிறது. தக்க காரணமில்லாமல் வராதபோது நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் பாண்டைப் பறிமுதல் என்று அறிவிப்பார். அந்த அறிவிப்பைத் தபாலில் அனுப்பிய நாளிலிருந்து 180 நாள், தபாலுக்காக இன்னும் 5. அதற்குள் அவர் நீதிமன்றத்துக்கு வந்தாலோ பிடிபட்டாலோ பறிமுதலை ரத்துச் செய்ய வைக்கலாம். தேடிய விவரத்தோடு, தக்க காரணம் காட்டி, கெடு முடியுமுன் மனுப் போட்டால் மேலும் 180 நாள் வரை நீட்டிப்புக் கிடைக்கலாம். ஆள் கிடைத்தாலும், தேதியைத் தவறவிட்டால் பணம் போய்விடலாம். அறிவிப்பு வந்த உறையையும் அதன் தபால் தேதியையும் பத்திரமாக வையுங்கள்; கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எனவே தொழிலின் உயிர், கைதானவருக்காகப் பணப்பொறுப்பு ஏற்று உடன் கையெழுத்துப் போடுபவரிடம் இருக்கிறது. அழுதுகொண்டு வரும் அம்மாவிடமும் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் கேட்டுத்தான் ஆக வேண்டும்; வேலையிடத்துக்குப் போன் போட்டுச் சரிபார்க்க வேண்டும். வீட்டை ஈடு வாங்கினால் அதன் மேல் ஏற்கெனவே உள்ள கடனைப் பார்த்து, பத்திரத்தைக் கவுன்டி (மாவட்ட) அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணத்தைத் தவணையில் விட்டால், உடன் கையெழுத்திடுபவருக்குச் சட்டம் சொல்லும் எச்சரிக்கை அறிவிப்பை முன்கூட்டியே கொடுங்கள். அது இல்லாத ஒப்பந்தத்தை வைத்து அவரிடம் பாக்கியை வசூலிக்க முடியாது என்று 2021இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. அந்த மனிதர்கள் எதில் கையெழுத்திடுகிறோம் என்று புரிந்தே போட வேண்டும், எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வழக்கு முடிந்து பாண்டு விடுவிக்கப்பட்டால் ஈட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சிறை வாசலில் ஆள் பிடிக்கக் கூடாது. நம்மவர்கள் "நல்ல வக்கீல் யார்?" என்று கேட்பார்கள், பெயர் சொல்லாதீர்கள், அதற்கும் தடை உண்டு.

இன்னொன்று, தொழிலின் பரப்பு சுருங்கிவருகிறது. இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே எடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் அதை ஒழிக்கும் சட்டத்தை வாக்காளர்கள் 2020இல் தோற்கடித்தார்கள், ஆனால் 2021இல் மாநில உச்ச நீதிமன்றம், ஜாமீன் தொகையைக் குற்றம்சாட்டப்பட்டவர் கட்ட முடியுமா என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு சரியானதே. ஆனால் ஜாமீன் தொகை குறைந்தால் உங்கள் கட்டணமும் குறையும், வரவுக்கணக்கை அதை வைத்துப் போடுங்கள்.

நண்பரிடம் ஒப்பந்தத்தின் நகலை வாங்குங்கள். பறிமுதல் தொகை யார் கணக்கில் விழும், நீங்கள் விலகினால் சேமநிதி எப்போது கைக்கு வரும் என்ற இரண்டு பிரிவுகளையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அதற்குமுன் 20 மணி நேர வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.