பழைய மோட்டார்ஹோம் பாத்ரூம்: டைல்ஸ் அப்புறம், மொதல்ல தண்ணி எங்கருந்து வருதுன்னு பாருங்க

கேள்வி: அண்ணா, 1989 மாடல் மோட்டார்ஹோம் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கேன். எஞ்சின் நல்லா இருக்கு, பாத்ரூம் தான் மோசம். டாய்லெட் பக்கத்துல கால் வச்சா தரை அமுங்குது, ஷவர் தட்டுல வெடிப்பு விட்டிருக்கு, சிங்க் அடியில சாம்பல் கலர்ல பிளாஸ்டிக் பைப் ஓடுது. வண்டி ஓட்டும்போது சாக்கடை நாத்தம் வேற. எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டு வீட்ல இருக்கற மாதிரி டைல்ஸ் ஒட்டிடலாம்னு இருக்கேன். பைப் மொத்தத்தையும் மாத்தணுமா, இல்ல ஒழுகற இடத்தை மட்டும் பார்த்தா போதுமா?

பதில்: தம்பி, டைல்ஸ் கடைப்பக்கம் இப்ப போகாதீங்க. அந்த அமுங்கற தரைக்கு தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாகணும், அது தெரியாம புது பிளைவுட் போட்டா அதுவும் கொஞ்ச நாள்ல ஊறி இத்துப்போயிடும். டாய்லெட் பக்கத்துல அமுங்கினா சீல் போயிடுச்சுன்னு தான் எல்லாரும் முடிவு கட்டுவாங்க, ஆனா பல வண்டியில நிஜ காரணம் மேல இருக்கும். கூரை வென்ட் ஃபேன் ஃபிரேமுக்கு அடியில சீலன்ட் வெடிச்சு, மழைத்தண்ணி சுவருக்குள்ளயே வழிஞ்சு வந்து தரை ஓரத்துல தேங்கி நிக்கும், பழி மட்டும் டாய்லெட்டுக்கு.

அதனால எதையும் பிரிக்கறதுக்கு முன்னாடி மூணு சோதனை பண்ணுங்க, ஒவ்வொண்ணையும் வேற வேற நாள்ல பண்ணுங்க, நடுவுல நல்லா காய விடுங்க. ஒரே நாள்ல எல்லாம் பண்ணா எந்த தண்ணின்னு சொல்ல முடியாது. ஒண்ணு, டேங்க்ல தண்ணி நிரப்பி பம்ப் ஆன் பண்ணி எல்லா டேப்பையும் மூடிட்டு சும்மா உக்காந்து கேளுங்க. பிரஷர் ஏறினதும் பம்ப் தானா நிக்கணும், நின்னுட்டு யாரும் டேப் திறக்காமயே சில நிமிஷத்துக்கு ஒரு தரம் டர்ர்னு ஓடிட்டு நின்னா எங்கயோ ஒழுகுது. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காஞ்ச டிஷ்யூ பேப்பரால தொட்டுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை பேப்பர் காட்டிக் கொடுத்துடும். முக்கியமா டாய்லெட்டுக்குப் பின்னாடி இருக்கற வாட்டர் வால்வை விட்டுடாதீங்க, குளிர்ல தண்ணி உறைஞ்சு அந்த பிளாஸ்டிக் மயிரிழை அளவுக்கு வெடிச்சிருக்கும், ஃப்ளஷ் பண்ணும்போது மட்டும் சொட்டும். எங்கயுமே ஈரம் இல்ல ஆனா பம்ப் மட்டும் விட்டு விட்டு ஓடுதுன்னா பம்ப்போட செக் வால்வு (தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடற வால்வு) வழியா தண்ணி டேங்குக்கே திரும்பிப் போகலாம்.

ரெண்டாவது, ஷவர் தட்டோட டிரெய்னை அடைச்சுட்டு ஃபுட் கலர் கலந்த தண்ணியை ஒரு இன்ச் நிரப்பி விடுங்க. கீழ எங்கயாவது அந்தக் கலர்ல ஈரம் வந்தா சந்தேகமே வேண்டாம். மூணாவது ஹோஸ் பைப்பால வெளிய தண்ணி அடிச்சுப் பாக்கறது, இதுல கீழருந்து மேல போங்க, மொதல்ல ஜன்னல், அப்புறம் மூலை, கடைசியா கூரை. மேலருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு குழப்பிவிட்டுடும்.

கூரையில ஒழுகுனா அதை மொதல்ல அடைங்க. ஃபிரேமுக்கு அடியில ப்யூட்டில் டேப் (பிசின் மாதிரி ஒட்டற ரப்பர் டேப்), மேல கூரைக்குன்னே வர்ற தானா பரவி நிக்கற சீலன்ட். சிலிகான் மட்டும் கூரையில வேண்டாம், ஒருதடவை பூசிட்டா அதுமேல வேற எதுவும் ஒட்டாது, அடுத்த தடவை முழுசா சுரண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும்.

இப்ப பிரிக்கற வேலை. வெளி கரண்ட் பிளக்கை எடுங்க, பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க, கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்க, டாய்லெட் கழிவு சேர்ற பிளாக் டேங்க்கை காலி பண்ணி நல்லா அலசிட்டு தான் டாய்லெட்டைத் தூக்கணும். தூக்கினதும் அந்த ஓட்டையை துணி வச்சு அடைச்சிடுங்க, நாத்தத்துக்கு மட்டும் இல்ல, ஒரு ஸ்க்ரூ உள்ள விழுந்தா எடுக்கவே முடியாது. ஊறின தரையை அறுக்கும்போது ரம்பத்தோட ஆழத்தை பிளைவுட் கனத்துக்கு சரியா செட் பண்ணுங்க, ஒரு மில்லிமீட்டர் கூட எக்ஸ்ட்ரா வேண்டாம், ஏன்னா பல வண்டியில அந்தத் தரைக்கு நேர் கீழயே பிளாக் டேங்க்கோட மேல்பக்கம் ஒட்டினாப்ல இருக்கும், பக்கத்துல ஒயரும் ஓடும். ஈரம் தெரியற இடத்தோட நிக்காம ஸ்க்ரூ டிரைவரால குத்திக்கிட்டே போங்க, குத்தினா உள்ள இறங்காத கெட்டி மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுங்க. புதுசா போடறது பழைய கனத்துலயே மரைன் பிளைவுட்டா இருக்கட்டும், வெட்டின ஓரம் எல்லாத்துலயும் எபாக்ஸி தடவுங்க. பிளைவுட் தண்ணி குடிக்கறதே ஓரத்து வழியா தான்.

அடுத்து உங்க முக்கியமான கேள்வி, அந்த சாம்பல் பைப். வண்டியோட வயசுக்கு அது பாலிபியூட்டிலீன்ங்கற பழைய பிளாஸ்டிக்கா தான் இருக்கும், மேல PB2110-ன்னு அச்சடிச்சிருக்கான்னு தேடிப் பாருங்க. 1978-லருந்து 1995 வரைக்கும் வீட்டுக்கும் வண்டிக்கும் இதைத் தான் போட்டு தள்ளினாங்க. தண்ணியில இருக்கற குளோரின் பைப்பையும் அதோட பிளாஸ்டிக் ஃபிட்டிங்கையும் உள்பக்கமா அரிச்சு மொறுமொறுன்னு ஆக்கிடுது, வெளியில பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும், திடீர்னு ஒருநாள் ஃபிட்டிங் உடையும். இதனால பெரிய வழக்கெல்லாம் நடந்து 1995-ல அமெரிக்காவுல இழப்பீடு ஒப்பந்தம் வரைக்கும் போச்சு, உற்பத்தியும் அதோட நின்னுச்சு. அதனால என் பதில், சுவரைத் திறந்திருக்கும்போதே மொத்தத்தையும் மாத்திடுங்க. மோட்டார்ஹோம்ல பைப் நீளமே கம்மி, அதுல போய் மிச்சம் பிடிக்கறேன்னு பழசை விட்டு வச்சா நாளைக்கு புது சுவரை உடைக்க வேண்டி வரும். ஏதோ ஒரு இடத்துல பழசோட சேத்தே ஆகணும்னா பெக்ஸ்ங்கற புது வகை பிளாஸ்டிக் பைப்போட சாதாரண ஃபிட்டிங் சரிப்படாது, பாலிபியூட்டிலீனையும் பெக்ஸையும் இணைக்கறதுக்குன்னு தனி கப்ளிங் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க.

புதுசுக்கு அரை இன்ச் பெக்ஸ் போதும், சிவப்பு நீலம்னு கலர் பிரிச்சு ஓட்டிட்டா பின்னாடி யாருக்கும் குழப்பம் இல்ல. பெக்ஸ் வளையும்கறதால நிறைய எல்போவைத் தவிர்க்கலாம், ஜாயின்ட் எவ்வளவு கம்மியோ ஒழுகற இடம் அவ்வளவு கம்மி. ஓடற வண்டியில எல்லாமே ஆடிக்கிட்டே இருக்கும்னு நினைச்சு வேலை பண்ணுங்க: பைப்பை விறைப்பா இழுத்துக் கட்டாம லேசா தொய்வு விடுங்க, மரத்துக்குள்ள நுழையற ஓட்டையில ரப்பர் வளையம் போடுங்க, இல்லன்னா குலுங்கிக் குலுங்கி மரமே பைப்பை அறுத்துடும். ஜாயின்ட்டை இறுக்கிப் பிடிக்கற கிரிம்ப் ரிங்கை அமுக்கினதும் அதோட அளவு பாக்கற கேஜை வச்சு ஒவ்வொண்ணா செக் பண்ணுங்க, சோம்பேறித்தனப்பட்டு நாலுல ஒண்ணை மட்டும் பாக்கறது வேலைக்காகாது. டேப்புக்குப் போற பிளாஸ்டிக் நட்டு உள்ள வாஷர் இருக்கும், அதுக்கு டெஃப்லான் டேப் தேவையில்ல, கையால முறுக்கி கால் திருகு மேல போனா போதும். ஸ்பேனர் வச்சு வீரம் காட்டினா நட்டு பிளந்துடும்.

டாய்லெட்டுக்கு, சிங்க்குக்கு, ஷவருக்குன்னு தனித்தனியா ஷட்-ஆஃப் வால்வு வச்சுக்கோங்க. சிஸ்டத்துலயே தாழ்வான இடத்துல சுடுதண்ணி, பச்சைத்தண்ணி ரெண்டு லைனுக்கும் டிரெய்ன் வால்வு கண்டிப்பா வேணும், குளிர்காலத்துல தண்ணியை முழுசா இறக்கறதுக்கு அது தான் வழி. தண்ணி உறையாம இருக்க கார்ல ஊத்தற ஆன்டிஃப்ரீஸ் விஷம், தண்ணி லைன்ல அதைக் கனவுல கூட ஊத்தாதீங்க, இதுக்குன்னே பிங்க் கலர்ல புரொப்பிலீன் கிளைக்கால் வருது. இன்னொண்ணு, கேம்ப்ல வெளிக்குழாயை வண்டியில மாட்டும்போது பிரஷர் ரெகுலேட்டர் இல்லாம மாட்டாதீங்க. பம்ப் பெரும்பாலும் 40-லருந்து 55 பிஎஸ்ஐ பிரஷருக்குள்ள நின்னுடும், வெளிக்குழாயில அதுக்கு ரெண்டு மடங்கு கூட வரலாம்.

ஓட்டும்போது நாத்தம் வருதுன்னீங்க. ஷவருக்கும் சிங்க்குக்கும் அடியில வளைஞ்ச பைப்புல, அதாவது டிராப்புல, தண்ணி நின்னு தான் டேங்க் வாடையைத் தடுக்குது, வண்டி திரும்பறப்போ குலுங்கறப்போ அந்தத் தண்ணி தளும்பி வெளிய போயிட்டா வாடை நேரா உள்ள வந்துடும். நிறுத்தினதும் ஒரு கப் தண்ணி ஊத்தினா வாடை அடங்குதான்னு பாருங்க, அடங்கினா காரணம் இது தான். எப்படியும் பிரிக்கப் போறீங்க, அந்த டிராப்புக்குப் பதிலா ஹெப்வோங்கற வால்வைக் கேட்டு வாங்கி போட்டுடுங்க, உள்ள ஒரு சவ்வு தண்ணியை மட்டும் விட்டுட்டு தானா மூடிக்கும், படுக்கை வாட்டத்துலயும் வைக்கலாம்கறதால ஷவருக்கு அடியில இருக்கற கொஞ்சூண்டு இடத்துக்கு கச்சிதம். தண்ணி ஊத்தியும் வாடை போகலன்னா சிங்க் அடியில இருக்கற காத்து வால்வை மாத்துங்க, பழசாச்சுன்னா அது திறந்தபடியே மாட்டிக்கும். டிரெய்ன் பைப்புக்கு ஒரு அடிக்கு கால் இன்ச் சரிவு இருக்கணும், அங்க பெரும்பாலும் கருப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் பைப் இருக்கும், அதுக்கு ஏபிஎஸ்ஸுக்குன்னே வர்ற ஒட்டுற பசை தான் போடணும்.

ஷவர் தட்டு வெடிச்சதுக்கு காரணம் அடியில தாங்கல் இல்லாதது. ஏறி நிக்கும்போதெல்லாம் அது வளையும், வளைஞ்சு வளைஞ்சு டிரெய்ன் ஓரத்துல விட்டுப்போகும். புதுசை வைக்கும்போது அடியில சிமென்ட் கலவையைப் படுக்கை மாதிரி பரப்பி அது ஈரமா இருக்கும்போதே உக்கார வச்சுடுங்க, நடுவுல வெற்றிடம் இருக்கக்கூடாது. வாங்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் கதவு அகலத்தையும் வண்டியோட வாசல் அகலத்தையும் அளந்துக்கோங்க, கம்பெனியில இதையெல்லாம் வச்சதுக்கு அப்புறம் தான் சுவரே எழுப்புவாங்க, அதனால பழசும் முழுசா வெளிய வராது, புதுசும் முழுசா உள்ள போகாது. பழசை துண்டு துண்டா அறுத்து தான் எடுக்கணும்.

டைல்ஸ் வேண்டாம்னே சொல்லுவேன். பசையோட சேத்து சதுர மீட்டருக்கு 15, 20 கிலோ ஏறும், அது போக அந்த மெல்லிசு சுவர் குலுங்கும்போது டைல் குலுங்காது, இடுக்குல பூசின கிரவுட் விரிசல் விட்டு தண்ணி உள்ள இறங்கும். உங்களுக்கு தான் அந்தக் கதை ஏற்கனவே நடந்திருக்கே. அதுக்குப் பதிலா ஃபைபர்கிளாஸ் ஷீட் ஒட்டுங்க, சதுர மீட்டருக்கு 4 கிலோவைத் தாண்டாது, ஜாயின்ட்டே ரெண்டு மூணு தான் வரும். மூலையில பாத்ரூம் சிலிகான் போடுங்க, சிலிகானுக்கு இடம் இங்க தான். டைல்ஸ் லுக் வேணும்னா அந்த டிசைன்லயே ஷீட் வருது, எனக்குப் பிடிக்காது, உங்க இஷ்டம்.

டாய்லெட்டைத் திரும்ப உக்கார வைக்கறப்போ ஒண்ணு கவனிங்க. தரை மேல வினைல் ஷீட் போட்டா மட்டம் கொஞ்சம் உயரும், டாய்லெட்டை கழிவு பைப்போட சேர்க்கற ஃபிளேன்ஜ் வளையம் பழைய உயரத்துலயே இருந்தா சீல் சரியா அமுங்காது. ஃபிளேன்ஜ் எப்பவும் முடிஞ்ச தரைக்கு மேல உக்காரணும். வீட்டு டாய்லெட்டுக்கு வைக்கற மெழுகு வளையம் இங்க ஆகாது, குலுங்கினா நகர்ந்துடும், டாய்லெட்டோட வர்ற ரப்பர் சீலைத் தான் வைக்கணும். வாட்டர் ஹீட்டரைப் பொறுத்தவரை டேங்க் ஸ்டீல்னா டேங்க் துருப்பிடிக்காம அதுக்குப் பதிலா தான் அரிபடற ஆனோட் கம்பி உள்ள இருக்கும், அதைக் கழட்டிப் பாருங்க, அரிச்சு மெலிஞ்சிருந்தா மாத்துங்க. தண்ணி இல்லாம எலக்ட்ரிக் எலிமென்ட்டை ஆன் பண்ணிடாதீங்க, நிமிஷத்துல எரிஞ்சுடும்.

பைப் வேலை முடிஞ்சதும் சுவரை உடனே மூடிடாதீங்க. பம்ப் போட்டு பிரஷர் ஏத்தி ராத்திரி பூரா விடுங்க, அப்புறம் சிங்க், ஷவர் கழிவுத்தண்ணி சேர்ற கிரே டேங்க்கை நிரப்பிட்டு மோசமான ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து அதே டிஷ்யூ பேப்பரோட ஒரு சுத்து வாங்க. எல்லாம் காஞ்சு இருந்தா மூடலாம். குடிதண்ணி டேங்க்குக்கு லிட்டருக்கு 1 மில்லி கணக்குல வாசனை சேர்க்காத பிளீச் கலந்து, ஒவ்வொரு டேப்லயும் பிளீச் வாடை வர்ற வரைக்கும் திறந்து விட்டு, ஒரு ராத்திரி வச்சிருந்து, வாடை போற வரைக்கும் அலசிடுங்க.

தரையை வெட்டினதும் சுவர் அடியில ஓடற சட்டத்தை மட்டும் க்ளோசப்ல போட்டோ எடுத்து அனுப்புங்க. இத்துப்போனது பிளைவுட்டோட நின்னிருந்தா மேல சொன்னதெல்லாம் நீங்களே பண்ணிடலாம், சட்டமும் இத்துப்போயிருந்தா வெளிச்சுவரோட அடிப்பக்கத்தையும் திறக்கணும், அதுக்கு வேற மாதிரி திட்டம் போடணும், அதுவரைக்கும் ஷவர் தட்டுக்கு ஆர்டர் கொடுக்காதீங்க.