ஃப்ரீக்வென்சி பிசகு: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மாணவி, திருமங்கலம்): அண்ணா, லேபில் இரண்டு எஸ்டிஆர் கார்டு (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வைத்து, வைஃபை மாதிரியே ஓஎஃப்டிஎம் (தகவலைப் பல சின்ன அலைகளில் பிரித்து அனுப்பும் முறை) அனுப்பிப் பார்த்தோம். திரையில் நான்கு புள்ளியாக நிற்க வேண்டிய கியூபிஎஸ்கே (தகவலை அலையின் நான்கு கோணங்களில் அடைக்கும் முறை), சித்திரைப் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. புரோகிராமில் தப்பா?

பதில்: புரோகிராமை விடும்மா, முதலில் கார்டின் ஃப்ரீக்வென்சியை நிர்ணயிக்கும் கிரிஸ்டலைப் பார். இரண்டு கார்டிலும் தனித்தனி கிரிஸ்டல். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) விலகினாலே 2.4 கிகாஹெர்ட்ஸில் 48 கிலோஹெர்ட்ஸ். ஒன்று மேலே, ஒன்று கீழே போனால் 96. பழைய 802.11g வைஃபையில் சப்கேரியர்களுக்கு (அந்தச் சின்ன அலைகளுக்கு) இடையே உள்ள இடைவெளியே 312.5 கிலோஹெர்ட்ஸ்தான், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! அவ்வளவு விலகினால் ஒரு சப்கேரியர் பக்கத்து சப்கேரியருக்குள் கசிந்து, புள்ளிகள் மேகமாகக் கலங்கிவிடும். உனக்குத் தெளிவான வளையம் தெரிகிறது என்றால் பிசகு சின்னதுதான். சந்தோஷப்படு.

கேள்வி (அதே மாணவி): அதை எப்படி அளப்பது?

பதில்: ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். அடுத்தடுத்து வரும் இரண்டு நகல்களுக்கு இடையே ஃபேஸ் (அலையின் கோணம்) எவ்வளவு திரும்பியிருக்கிறதோ, அதுதான் பிசகைச் சொல்லும். ஷ்மிடில், காக்ஸ் இருவரும் 1997-இல் எழுதிய முறையின் அடிப்படையும் இதுதான். எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஃபேஸ் அரைச்சுற்றைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாது. அதனால்தான் வைஃபையில் முதலில் 0.8 மைக்ரோசெகண்ட் குறும் சிம்பல் (ஒரு தடவை அனுப்பும் அலைத்துண்டு) பத்து. அது ±625 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். அப்புறம் 3.2 மைக்ரோசெகண்ட் நெடும் சிம்பல் இரண்டு. அது ±156 வரைதான் பிடிக்கும், ஆனால் துல்லியம் அதிகம். வரிசையை மாற்றிவிடாதே.

கேள்வி (வைகை எக்ஸ்பிரஸ் பயணி): சார், கொடைரோடு தாண்டினால் போன் பேச்சு அறுபடுகிறது. ரயில் வேகம்தான் காரணமா?

பதில்: மணிக்கு 110 கி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். 1800 மெகாஹெர்ட்ஸில் டாப்ளர் (வேகத்தால் வரும் ஃப்ரீக்வென்சி நகர்வு) சுமார் 183 ஹெர்ட்ஸ். போன், டவரின் அலையைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால் டவருக்கு இது இரட்டிப்பாகத் தெரியும். எல்டிஇ (4ஜி) சப்கேரியர் இடைவெளியோ 15 கிலோஹெர்ட்ஸ். இது மட்டும் பேச்சை அறுக்காது சார்.

கேள்வி (மொபைல் சர்வீஸ் கடை, டவுன்ஹால் ரோடு): மே மாத வெயிலில் கிரிஸ்டல் நகருமா அண்ணே?

பதில்: நகரும். ஆனால் எல்டிஇ போன், டவர் அலையோடு 0.1 பிபிஎம்முக்குள் ஒட்டி நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் நகர்வதைப் போனே திருத்திக்கொண்டே இருக்கும்.

கேள்வி (மாணவி, மறுநாள்): புள்ளிகள் நின்றுவிட்டன அண்ணா! பாக்கெட் முடிவில் மட்டும் சாய்கின்றன.

பதில்: ரொம்ப சந்தோஷம்மா. திருத்திய பிறகு மிச்சப் பிசகு 100 ஹெர்ட்ஸ் இருந்தாலும் 4 மைக்ரோசெகண்ட் சிம்பலுக்கு 0.144 டிகிரி திரும்பும். சுமார் 313 சிம்பலில் 45 டிகிரி. கியூபிஎஸ்கே அங்கே தப்பாகப் படிக்கத் தொடங்கும். 52 சப்கேரியரில் நான்கு பைலட் (முன்பே தெரிந்த மதிப்பை அனுப்பும் சப்கேரியர்) இருக்கிறதல்லவா? ஒவ்வொரு சிம்பலிலும் அவற்றின் சாய்வை எடுத்து, மற்ற 48-ஐயும் அதே அளவு திருப்பிவிடு.