பழைய ஆங்கிலக் கிராமத்தில் காட்டேஜ்: விலை பேசும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஹாரோவில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு லண்டன் சிட்டியில் வேலை, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். மகளுக்கு எட்டு வயது. பக்கிங்ஹாம்ஷயரின் கிரேட் மிஸ்ஸென்டன் கிராமத்தில், ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டி 17ஆம் நூற்றாண்டுக் காட்டேஜ் ஒன்றைப் பார்த்தோம். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் உள்ள வீடு, விலை 6,50,000 பவுண்டு. பின்பக்கம் புதுக் கிச்சன் கட்டி, வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருக்கிறார்கள். முன் அறையில் கொஞ்சம் ஈர வாடை அடித்தது, ஆனால் டேம்ப் ட்ரீட்மென்ட் செய்து 20 வருட கேரண்டி இருப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். தாம்பரத்தில் அப்பா என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிய ஃப்ளாட் ஒன்றும் இருக்கிறது, 80 லட்சம் வரை போகும். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இந்த விலைக்கு, இந்த நிலையில் உடனே வேண்டாம். உங்களைக் கவர்ந்தது வீட்டின் முன்பக்கம். எனக்குக் கவலை தருவது பின்பக்கம். அதற்கு முன்னால் தாம்பரம் ஃப்ளாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பட்ஜெட்டே அதில்தான் மாறப் போகிறது.

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது கட்டும் ஸ்டாம்ப் டியூட்டியில், ஏற்கனவே ஒரு வீடு வைத்திருப்பவர்களுக்கு 5 சதவீதம் கூடுதல் வரி உண்டு. அந்த 'ஏற்கனவே ஒரு வீடு' இங்கிலாந்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உலகத்தில் எங்கே இருந்தாலும், உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டைத் தொட்டால் கணக்கில் வரும். 80 லட்சம் ரூபாய் என்றால் நிச்சயம் வரும். சாதாரணமாக 6,50,000 பவுண்டு வீட்டுக்கு வரி 22,500 பவுண்டு. உங்களுக்கு அது 55,000 ஆகிவிடும். கணவர் பெயரில் மட்டும் வாங்கினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சேர்ந்து வாழும் கணவன் மனைவியில் ஒருவருக்கு வீடு இருந்தாலே இருவருக்கும் இருப்பதாகத்தான் கணக்கு. வாங்கிய பிறகு தாம்பரத்தை விற்றுப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் நம்பி இறங்க வேண்டாம், அந்தச் சலுகை நீங்கள் குடியிருந்த முந்தைய வீட்டை விற்பதற்கானது. ஃப்ளாட்டை விற்பதாக இருந்தால் இங்கே சாவி வாங்கும் நாளுக்கு முன்பே பத்திரப்பதிவு முடிந்திருக்க வேண்டும். முதல் வீடு வாங்குவோருக்கான சலுகை 5,00,000 பவுண்டுக்கு மேல் கிடையாது என்பதால் அதை மறந்துவிடலாம். வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீலான சொலிசிட்டரிடம் முதல் நாளே இந்த ஃப்ளாட்டைப் பற்றிச் சொல்லுங்கள், பலர் கடைசி வாரத்தில்தான் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது பின்பக்கத்துக்கு வருகிறேன். கிரேடு 2 என்றால் முகப்பு மட்டும் பாதுகாக்கப்பட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு. வீடு முழுக்க, உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, கணப்பு, பழைய காரை வரை எல்லாமே சேர்த்தி. வீட்டோடு சேர்ந்த வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பே இருந்த சுற்றுச்சுவர், கொட்டகை போன்றவையும் பொதுவாக அதில் அடங்கும். இதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் கவுன்சிலின் லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் வேண்டும். அனுமதி இல்லாமல் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குற்ற வழக்கு, வேலை செய்தவர், செய்வித்தவர் மேல்தான் வரும். ஆனால் 'இதை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கு' என்கிற நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்கு வரும், அதற்குக் காலக்கெடு கிடையாது. முப்பது வருடத்துக்கு முன் யாரோ மாட்டிய பிளாஸ்டிக் ஜன்னலை நீங்கள் உங்கள் செலவில் கழற்றி, மர ஜன்னல் செய்து வைக்க வேண்டிவரலாம்.

அதனால் அந்தக் கிச்சனுக்கும் ஜன்னலுக்கும் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. பிளானிங் பெர்மிஷன் வேறு, லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் வேறு, பில்டிங் ரெகுலேஷன் சான்றிதழ் வேறு. ஒன்றைக் காட்டி மூன்றும் இருப்பதாகச் சொல்வார்கள், மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கவுன்சிலின் பிளானிங் இணையதளத்தில் முகவரியைப் போட்டு நீங்களே தேடலாம், காசு கிடையாது. தேடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கவுன்சிலுக்கு ஃபோன் போட்டு விசாரித்துவிடாதீர்கள். காகிதம் இல்லாத வேலைக்கு இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்து விற்பனையை முடிப்பது இங்கே வழக்கம். கவுன்சிலின் காதுக்கு விஷயம் போய்விட்டால் அந்த இன்ஷூரன்ஸைப் பெரும்பாலும் யாரும் தரமாட்டார்கள். அது இருந்தாலும் பண நஷ்டத்துக்குத்தான் ஈடு, கட்டட வேலை சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு அது எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் சின்ன விஷயத்துக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம், ஒரு முழுக் கிச்சனுக்கு அதை மட்டும் நம்பி நான் வாங்கமாட்டேன்.

அடுத்தது அந்த ஈர வாடை. அந்தக் காலத்துச் சுவரில் நடுவே இடைவெளி கிடையாது, முழுச் செங்கல் அல்லது மரச்சட்டத்துக்கு நடுவே செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மழையில் கொஞ்சம் ஈரம் இழுக்கும், காற்றில் தானாகவே உலரும். அதன் மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது, மரச்சட்டத்தின் அடிமரம் மெல்ல உளுத்துப்போகிறது. ஏஜென்ட் சொல்லும் ட்ரீட்மென்ட், சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றி, உள்ளே சிமெண்ட் பூசிய வேலையாக இருந்தால் நோயை மூடிவைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அடுத்த முறை போகும்போது மழை பெய்து முடிந்த நாளாகப் போங்கள். வெளியே, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குள் செங்கல்லில் வரிசையாகச் சின்னச் சின்ன அடைத்த துளைகள் தெரிகிறதா பாருங்கள். செங்கல் இணைப்புகள் வெளிர் சுண்ணாம்பு நிறமா, சாம்பல் நிறச் சிமெண்டா? சிமெண்ட் என்றால் சாந்து அப்படியே நிற்கும், செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்ந்திருக்கும். மழைநீர்க் குழாய் எங்காவது ஒழுகிச் சுவரில் பச்சை பிடித்திருக்கிறதா, வெளித்தரை வீட்டின் உள்தரையை விட உயர்ந்திருக்கிறதா? பாதி ஈரத்துக்குக் காரணம் இந்த இரண்டுதான், சரிசெய்யச் செலவும் அதிகம் ஆகாது. அடிமரம் உளுத்திருந்தால் கதை வேறு.

பேங்க் அனுப்பும் வேல்யூவேஷனை நம்பி இருக்காதீர்கள், அது பேங்குக்காக. வீட்டை முழுக்க விரிவாகப் பரிசோதிக்கும் லெவல் 3 சர்வேயை நீங்களே எடுங்கள், அதுவும் பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள சர்வேயரிடம். ஈரம் பார்க்க இலவசமாக வருகிறேன் என்று ட்ரீட்மென்ட் விற்கும் கம்பெனி ஆள் வந்தால் அவர் என்ன சொல்வார் என்று சொல்லத் தேவையில்லை. 1877இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது, ஸ்பேப் என்பார்கள். சுண்ணாம்பு வேலை, ஈரம் பற்றி அவர்கள் வெளியிட்டிருப்பதைப் படித்துவிட்டு சர்வேயரிடம் பேசினால் எதைக் கேட்பது என்று தெரியும்.

கிரேட் மிஸ்ஸென்டனுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. அங்கே ஓடும் மிஸ்போர்ன் சுண்ணப்பாறை ஊற்றில் பிறக்கும் ஆறு. சில வருடம் வறண்டு கிடக்கும், மழை மிகுந்த குளிர்காலத்துக்குப் பிறகு நிலத்தடி நீரே மேலே வந்துவிடும். ஆற்று வெள்ள வரைபடத்தில் வீடு பத்திரமாகத் தெரிந்தாலும் நிலத்தடி நீர் அபாயத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நிலவறை இருந்தால் அதன் சுவரில் நீர்த்தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ரயில் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். 1892இல் இந்தப் பாதையைப் போட்டதே மெட்ரோபாலிட்டன் ரயில்வே, அதனால் வண்டி நீங்கள் இப்போது இருக்கும் ஹாரோ-ஆன்-த-ஹில் வழியாகத்தான் மேரிலபோன் போகிறது, முக்கால் மணி நேரத்துக்குள். ஆனால் மேரிலபோன் ஸ்டேஷன், கணவர் வேலை செய்யும் சிட்டி பகுதியில் இல்லை. ஹாரோவிலோ அமர்ஷமிலோ இறங்கி மெட்ரோபாலிட்டன் லைன் பிடித்தால் மூர்கேட், லிவர்பூல் ஸ்ட்ரீட் நேராகப் போகலாம். வாசலிலிருந்து அலுவலக மேஜை வரை ஒன்றே கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஜனவரி மாதக் காலையில் ஒரு தடவையாவது கணவர் போய்வந்து பார்க்கட்டும்.

மகளின் பள்ளிதான் நேரம் குறைவாக உள்ள விஷயம். பக்கிங்ஹாம்ஷயரில் இன்னும் கிராமர் ஸ்கூல்கள், அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள், இருக்கின்றன. ஆறாம் வகுப்பு தொடங்கிய செப்டம்பரிலேயே தேர்வு, தகுதி மதிப்பெண் 121. தகுதி பெற்றாலே இடம் கிடைத்துவிடாது, எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீடு இருக்கிறது என்பதும் முக்கியம். லிட்டில் சால்ஃபன்ட்டில் உள்ள டாக்டர் சாலனர்ஸ் ஹைஸ்கூலையோ, ஆணும் பெண்ணும் படிக்கும் செஷம் கிராமரையோ நினைத்தால், இந்த முகவரி அதன் எல்லையில் வருகிறதா என்று அந்தப் பள்ளியின் சேர்க்கை விதியிலேயே பாருங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது. தேர்வில் வராத பிள்ளைகளுக்கு ஊரிலேயே மிஸ்போர்ன் ஸ்கூல் இருக்கிறது. அதையும் நேரில் போய்ப் பார்த்து, அங்கே சேர்ந்தாலும் சரி என்று தோன்றினால் மட்டுமே இந்த ஊருக்குப் போங்கள்.

ஹை ஸ்ட்ரீட் குறுகல், கார் நிறுத்த வீட்டோடு இடம் இல்லையென்றால் தினமும் சிரமம், ரோல்ட் டால் மியூசியத்துக்கு ஆட்கள் வரும் விடுமுறை நாட்களில் இன்னும் அதிகம். கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் வெம்ப்ளி ஈலிங் ரோடு வரை வண்டி எடுக்க வேண்டும்.

கடைசியாக, இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும் 'எக்ஸ்சேஞ்ச்' ஆகும் வரை யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியாது. நாளைக்கே வேறு ஒருவர் அதிகம் கொடுத்தால் விற்பவர் மனம் மாறி அவருக்கே விற்கலாம், நீங்களும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் காசு செலவாகாத வேலையை முதலில் முடியுங்கள். கிச்சன் அனுமதி, ஜன்னல் அனுமதி, டேம்ப் கேரண்டியின் நகல், அதில் என்ன வேலை செய்தார்கள் என்ற விவரம், இவற்றை இந்த வாரமே ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம். பதில் வந்த பிறகு சர்வேக்குப் பணம் கட்டுங்கள்.