தாய்க்கோழி இருக்க பல்பு எதற்கு?

நாட்டுக்கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 11 முட்டை வைத்து அடைக்கு உட்கார வைத்தேன். நேற்றிலிருந்து 7 குஞ்சு வெளியே வந்துவிட்டது. மீதி 4 முட்டையை விட்டுக் கோழி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பொரித்த குஞ்சுகள் ஒரு நாளாகப் பட்டினி. எடுத்து அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வைக்கட்டுமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: வேண்டாம் அம்மா. கூடைக்குள் கையை விடாதீர்கள். அந்தக் குஞ்சுகள் பட்டினியாக இல்லை. ஓட்டை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன்னால், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்து 2 நாளைக்குத் தாங்கும். பண்ணைக்காரர்கள் ஒரு நாள் குஞ்சைத் தீனி, தண்ணீர் இல்லாமல் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவதும் இதை நம்பித்தான். எல்லா முட்டையும் ஒரே மணிக்குப் பொரிக்காது. முதலில் வந்தது கடைசியில் வருவதற்காகத் தாயின் சிறகுக்குள் காத்திருக்கும். அப்போது அதற்கு வேண்டியது சூடு மட்டும்தான்.

காதைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஓட்டுக்குள்ளிருந்து ‘கீச்’ என்று மெல்லிய சத்தம் வரும். கோழி தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். உள்ளே உயிர் இருப்பது அதற்குத் தெரியும், அதனால்தான் எழுந்திருக்கவில்லை. ஓட்டில் ஓட்டை விழுந்த பிறகும் குஞ்சு முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். பாவம் என்று ஓட்டை உரித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்தோலில் ரத்த நாளம் காய்ந்திருக்காது. உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துப்போகும்.

கோழி தானாக எழுந்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கியதும் மீதி முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். சத்தம் இருந்தால் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டு, இரவு திரும்பவும் அடியில் வைக்கலாம். சத்தமே இல்லாமல், ஆட்டினால் தண்ணீர் தளும்புவது மாதிரி இருந்தால் கூமுட்டை. தள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். அடுத்த முறை வெயில் காலத்தில் 5 நாளுக்கு மேல் வைத்திருந்த முட்டையை அடைக்கு வைக்காமல் இருந்தால் கூமுட்டை குறையும்.

இறங்கியதும் முதலில் தண்ணீர். தட்டையான தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கல் இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றுங்கள். நனைந்த குஞ்சு குளிர்ந்து போய்விடும், ஆழமாக இருந்தால் மூழ்கிவிடும். அப்புறம் குருணையைத் தரையில் தூவிவிட்டு எட்ட நின்று பாருங்கள். கோழி ஒரு குருணையை அலகில் எடுக்கும், விழுங்காமல் கீழே போடும். மறுபடி எடுக்கும், மறுபடி போடும், வேகமாக ‘கொக்கொக்கொக்’ என்று கூப்பிடும். அதன் அலகு தொட்ட இடத்தையே குஞ்சுகள் போய்க் கொத்தும். எது தீனி, எது கல் என்று ஒரே காலையில் கற்றுக்கொடுத்துவிடும். பல்பு சூடு கொடுக்கும், இதைக் கொடுக்காது.

குருணையும் உடைத்த கம்பும் மட்டும் போதாது. குஞ்சுக்குப் புரதம் வேண்டும். கடையில் குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதையே போடுங்கள். முட்டையிடாத இந்த நாட்களில் தாயும் அதைத் தின்றால் நல்லதுதான். இல்லாவிட்டால் கரையான் பிடியுங்கள். பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டால் மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் தட்டிவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் பானையைத் தூக்குகிற சத்தம் கேட்டாலே தாய்க்கோழிகள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓடிவரும்.

கேள்வி: பண்ணையில் 25 குஞ்சு வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் ஒரு கோழி அடையில் இருக்கிறது. அதனிடமே எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: விடலாம் தம்பி, ஆனால் 25 அல்ல. சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழியின் சிறகுக்குள் 10, 12 குஞ்சு அடங்கும். அதற்கு மேல் போனால் ஓரத்தில் இருப்பது விறைத்துப்போகும். கோழி 2 வாரமாவது அடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நேற்று உட்கார்ந்த கோழிக்குத் தாய் மனசு இன்னும் வந்திருக்காது. குஞ்சும் ஒன்றிரண்டு நாள் வயதுக்குள் இருக்க வேண்டும். நாள் ஆகிவிட்டால் கோழி கூப்பிட்டாலும் அது போகாது.

நன்றாக இருட்டிய பிறகு, விளக்குப் போடாமல், ஒரு முட்டையை எடுத்த இடத்தில் ஒரு குஞ்சு என்று மெதுவாக அடியில் நுழைத்துவிடுங்கள். விடியும்போது நீங்கள் அங்கே இருப்பது முக்கியம். கோழி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். தலையில் குறிபார்த்துக் கொத்தினால் உடனே குஞ்சுகளை எடுத்துவிடுங்கள், கெஞ்சிப் பயனில்லை.

மீதிக் குஞ்சுக்குப் பல்புதான். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை. ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டிருந்தால் சூடு அதிகம்.

கேள்வி: இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று பயந்து அடைக்கூடையில் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுகிறோம். பலன் உண்டா?
– வாசகி, மானாமதுரை

பதில்: எங்கள் அம்மாயியும் போடுவார். முட்டைக்குக் கெடுதல் இல்லை, போடுங்கள். ஆனால் கூடைக்கு அடியில் மணல், அதன்மேல் வைக்கோல், மழைச்சாரல் படாத மூலை, இவை மூன்றும்தான் முட்டையைக் காப்பாற்றும்.

கேள்வி: பெருவிடைக் கோழி அடையில் உட்கார்ந்தால் முட்டை உடைகிறது, குஞ்சு மிதிபடுகிறது. பொரித்ததையும் காக்கா தூக்கிவிடுகிறது.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: எடை கூடிய கோழி, அப்படித்தான் ஆகும். பெருவிடையின் முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வையுங்கள். காக்கா ஜோடியாக வரும். ஒன்று கோழிக்கு முன்னால் வந்து வம்பிழுக்கும், கோழி அதைத் துரத்தும்போது மற்றது குஞ்சைத் தூக்கும். முதல் 2, 3 வாரம் தாயோடு சேர்த்துப் பஞ்சாரம் என்கிற மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடி வையுங்கள். காலையிலும் மாலையிலும் ஆள் இருக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். செடி, புதர் இருக்கிற பக்கமாகத் திறப்பது நல்லது. பருந்து நிழல் தெரிந்து தாய் எச்சரித்ததும் குஞ்சு நுழைய ஓர் இடம் வேண்டும்.

கேள்வி: என்னிடம் 8 குஞ்சுதான். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்த் தடுப்பு மருந்து 100 டோஸ் குப்பியாக இருக்கிறது. 8 குஞ்சுக்காக வாங்க வேண்டுமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: கட்டாயம் போட வேண்டும். தாய் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க அதனால் முடியாது. வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது, கொட்டகையே காலியாகிவிடும். 7-ம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, 28-ம் நாள் இன்னொரு சொட்டு, 8 வாரத்தில் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும், கலக்கினால் 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்களோடு பேசி ஒரே நாளில் அடை வையுங்கள். உங்கள் கோழி முதலில் உட்கார்ந்துவிட்டால் அடியில் ஒன்றிரண்டு பழைய முட்டையை வைத்துச் சில நாள் காத்திருக்கச் செய்யலாம், அது எழுந்திருக்காது. அடுத்த வீட்டுக் கோழியும் உட்கார்ந்ததும் இரண்டுக்கும் ஒரே இரவில் நல்ல முட்டையை வையுங்கள். 21-ம் நாள் சேர்ந்து பொரிக்கும், ஒரு குப்பியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இரண்டு கோழிக்கும் குஞ்சு குறைவாகப் பொரித்திருந்தால் அன்றிரவே எல்லாவற்றையும் ஒரே தாயிடம் விட்டுவிடுங்கள், மற்றது சீக்கிரமே திரும்ப முட்டைக்கு வந்துவிடும்.