பீப்பாய்க்குள் போன கடிதம்

கேள்வி: ஸ்காட்லாந்து ராணி மேரியை பீர் பீப்பாயில் கடிதம் வைத்துச் சிக்கவைத்தார்கள் என்கிறார்களே, நிஜமா?
– வாசகி, தென்காசி

பதில்: நிஜம்தான் அம்மா. 1586-ல் மேரி இங்கிலாந்தில், சார்ட்லி மாளிகையில் காவலில் இருந்தார். வாரந்தோறும் வரும் பீர் பீப்பாயின் அடைப்புக்குள், நீர் புகாத சிறு பொட்டலத்தில் கடிதங்கள் போய்வந்தன. யாருக்கும் தெரியாத வழி என்று ராணி நம்பினார். அந்த வழியை அமைத்துக்கொடுத்ததே இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் செயலர் ஃபிரான்சிஸ் வால்சிங்ஹாமின் ஆட்கள். பீர்க்காரருக்கு இரண்டு பக்கமும் கூலி!

ஒவ்வொரு கடிதத்தையும் ஆர்தர் கிரெகரி என்பவர் அரக்கு முத்திரை கலையாமல் பிரிப்பார். தாமஸ் பெலிப்ஸ் சங்கேத எழுத்தை உடைத்துப் படிப்பார். பிறகு பழையபடி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். எலிசபெத்தைக் கொல்ல ஆறு பேர் தயார் என்று பாபிங்டன் என்ற இளைஞர் எழுத, ஜூலை 17 அன்று மேரி சம்மதம் தெரிவித்துப் பதில் எழுதினார். அதன் நகலின் வெளிப்புறத்தில் பெலிப்ஸ் ஒரு தூக்குமரம் வரைந்தார்.

இதுவரை உளவு வேலை. அடுத்து நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆறு பேரின் பெயரைக் கேட்டு, மேரியே எழுதியதுபோல அதே சங்கேதத்தில் ஒரு பின்குறிப்பைச் சேர்த்தார்கள். பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் இந்த இடம் வந்தாலே எனக்குக் குரல் உயர்ந்துவிடும். மேரி குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒருவர் எழுதாததை அவர் கையெழுத்தில் ஏற்றுவது வேறு காரியம். 1587 பிப்ரவரி 8-ல் ஃபோதரிங்கே கோட்டையில் மேரியின் தலை வெட்டப்பட்டது.

கேள்வி: வால்சிங்ஹாம் அவ்வளவு கல்நெஞ்சரா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அவர் செயலராக இருந்தபோது, 1583-ல், எலிசபெத்துக்கு எதிராகச் சதி செய்த த்ரோக்மார்ட்டன் என்பவரைக் கைகால் இழுக்கும் சித்திரவதைப் பொறியில் கட்டி உண்மையைக் கறந்தார்கள். அதை மழுப்ப மாட்டேன். ஆனால் 1572 ஆகஸ்டில் அவர் பாரிஸில் தூதர். புனித பர்த்தலோமியோ நாளில் அவருடைய மதத்தவரான புராட்டஸ்டன்டுகள் கத்தோலிக்கர்களால் தெருத்தெருவாக வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பி ஓடிவந்தவர்களுக்கு அவர் வீட்டில் இடம் கொடுத்தார். லண்டனிலும் அப்படி ஒரு நாள் வந்துவிடுமோ என்ற பயம் கடைசிவரை அவரை விடவில்லை. அந்தப் பயத்திலிருந்துதான் அவருடைய ஒற்றர் கூட்டத்தை நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: ஒற்றர் தலைவர் என்றால் சொத்து குவித்திருப்பாரே?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை ஐயா, கடன்தான். உளவுக்குச் சொந்தப் பணத்தையும் கொட்டினார். பாரிஸில் அவர் வீட்டில் அடைக்கலம் பெற்ற பிலிப் சிட்னி பின்னாளில் அவருடைய மருமகனானார். 1586-ல் போரில் காயம்பட்டு இறந்தபோது அந்த மருமகன் விட்டுச்சென்ற கடனும் மாமனார் தலையில் விழுந்தது. 1590 ஏப்ரல் 6-ல் வால்சிங்ஹாம் காலமானார். ஆடம்பரம் வேண்டாம், கடன் இருக்கிறது என்று உயிலிலேயே எழுதியிருந்தார். மறுநாள் இரவு, ஊர் கூட்டாமல், லண்டன் புனித பால் தேவாலயத்தில் மருமகனின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.