வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டாம்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் 850 சதுர அடி அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார் ஆகியோருடன் குடியேறப் போகிறேன். உறவினர் அறிமுகப்படுத்திய இன்டீரியர் டிசைனர் ஒருவர் அழகான கணினிப் படங்களைக் காட்டினார். சமையலறை கேபினட், மூன்று அலமாரி, பிளாஸ்டர் சீலிங், சாமி மேடை எல்லாம் சேர்த்து 36,800 ரிங்கிட் பேக்கேஜ் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 60 விழுக்காடு முன்பணம் கட்டினால் மேற்கு ஜன்னலுக்கு எதிரே டிவி சுவர் இலவசமாம். விலைப்பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன். விலை நியாயமா? திறந்த சமையலறையும் கதவு வைத்த சாமி மேடையும் நமக்கு ஒத்துவருமா? என்ன நிறம் அடிக்கலாம்?

பதில்: விலை நியாயமா என்று அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபடிதான் அது எழுதப்பட்டிருக்கிறது. 'கிச்சன் கேபினட் 14 அடி, தரமான பலகை' என்று ஒரே வரி. எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர், மேல் கேபினட் சேர்த்தா சேர்க்காமலா, மேடைக் கல் உண்டா, கீல் என்ன வகை? எதுவும் இல்லை. ஆனால் முன்பணம் மட்டும் சென் கணக்கு வரை துல்லியமாக இருக்கிறது: 22,080.00 ரிங்கிட்.

முதலில் அந்த 14 அடியைப் பார்ப்போம். இந்தத் தொழிலில் கேபினட்டை ஃபுட் ரன், அதாவது சுவரோரமாக ஓடும் நீளத்தை வைத்து விலை சொல்வார்கள். உங்கள் சமையலறை 'ட' வடிவம், ஒரு சுவர் எட்டு அடி, இன்னொன்று ஆறு. எட்டும் ஆறும் பதினான்கு, சரிதான். ஆனால் சுவர்கள் சந்திக்கும் மூலையில் இருப்பது ஒரே ஒரு பெட்டி. கீழ்க் கேபினட்டின் ஆழம் இரண்டடி. அந்த இரண்டடி இந்தச் சுவர்க் கணக்கிலும் வருகிறது, அந்தச் சுவர்க் கணக்கிலும் வருகிறது. குனிந்தாலும் கை எட்டாத ஓர் இருட்டு மூலைக்கு நீங்கள் இரு முறை பணம் கட்டுகிறீர்கள். இதைக் கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் அளக்கிறார்கள்" என்பார். உண்மைதான், எல்லாரும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள்.

அடுத்து பலகை. 'தரமான பலகை' என்றால் பெரும்பாலும் சிப்போர்ட்தான்: மரத்தூளைப் பசையில் அழுத்தி மேலே மெலமைன் தாள் ஒட்டியது. படுக்கையறை அலமாரிக்கு அது போதும், நானே பல வீடுகளில் போட்டிருக்கிறேன். பாத்திரத் தொட்டிக்குக் கீழே போட்டால், தேநீரில் நனைத்த பிஸ்கட் போல ஊதிவிடும். குழாய் மூட்டில் ஒரு சொட்டு கசிந்தால் போதும், கோலாலம்பூரின் ஈரக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். தொட்டிக்குக் கீழே வரும் பெட்டியை மட்டுமாவது அலுமினியத்தில் கேளுங்கள். மற்றவை பிளைவுட் என்று சொன்னால், பெட்டி பிளைவுட்டா, கதவு மட்டுமா என்று திருப்பிக் கேளுங்கள். 'ஃபுல் பிளைவுட்' என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு மட்டும் பிளைவுட் வைத்துப் பின்பலகைக்கு அட்டை மாதிரி ஒன்றை ஆணியடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய துண்டு ஒன்றை வாங்கிவந்து இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போடுங்கள். காலையில் விளிம்பைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். துண்டு தர மறுப்பவரிடம் கேபினட் வாங்க வேண்டாம்.

இனி அந்த டிசைனர். உங்களிடம் பேசியவர் ரம்பத்தைத் தொட்டவர் அல்லர் என்றே தோன்றுகிறது. படம் வரைந்தவர் ஒருவர், பலகை வெட்டும் தொழிற்சாலை வேறு, உங்கள் வீட்டுக்கு வந்து பொருத்தப் போகிறவர் மூன்றாமவர். நடுவில் நிற்பவருக்குத் தரகு உண்டு, அறிமுகப்படுத்திய உறவினருக்கும் ஒரு பங்கு போயிருக்கலாம். தரகு வாங்குவது குற்றமன்று. ஆனால் பலகை ஊதினால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். எனக்கே இது நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் தரகர் ஒருவரை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பாதியில் அவர் தொலைபேசியை அணைத்துவிட, என் கைக்காசில் ஒன்பது கதவு மாற்றிக் கொடுத்தேன்.

'இன்டீரியர் டிசைனர்' என்ற பட்டம் இந்த நாட்டில் அச்சகத்தில் கிடைக்கும் பொருளாகிவிட்டது. 1967ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி அது லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியா என்னும் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்தவர்களுக்கு உரியது. கட்டுமானக் குத்தகையாளர் சிஐடிபி என்னும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். சட்டம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, வாரியமும் இருக்கிறது. கடைத்தெருவுக்கு வந்து பெயர் அட்டைகளைச் சரிபார்க்க ஆள்தான் இல்லை. ஆகவே அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு பதிவையும் கேளுங்கள், நிறுவனத்தின் சரியான பெயரையும் எண்ணையும் எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தின் பதிவில் பார்த்து ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்? தகராறு வந்தால் நீங்கள் போகக்கூடிய இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமும்கூட. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. தீர்ப்பு வருவதற்குள் அவர் கடையை மூடிவிட்டு அடுத்த தெருவில் வேறு பெயரில் திறந்திருப்பார். உங்கள் கையில் முத்திரை குத்திய தாள் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பணம் உங்களிடம் இருக்கும் வரைதான் உங்கள் குரலுக்கு எடை. கையெழுத்திடும்போது பத்து விழுக்காடு, அளவுகள் போட்ட வரைபடத்தை நீங்கள் ஒப்புக்கொண்டபின் இருபது, பெட்டிகள் வீட்டுக்கு வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தபின் நாற்பது, பொருத்தி முடித்தபின் இருபது. மீதிப் பத்தை இரண்டு வாரம் சமைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். மின்பாயிண்ட், குழாய் வேலை, குப்பை அகற்றுவது ஆகியவை விலையில் அடங்குமா என்பதும் எழுத்தில் வரட்டும். 'அது தனி' என்ற இரண்டு சொல்லில்தான் பேக்கேஜ் வீங்குகிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சாவி வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். காலி வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் வரை குறைபாடுகளை வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்தாக வேண்டும். தரை ஓடுகளைத் தட்டிப் பாருங்கள். குளியலறையில் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். படமெடுத்து எழுத்தில் கொடுங்கள். ஒரு சுவரை உங்கள் ஆள் உடைத்த மறுநாள் எல்லாக் குறையும் உங்கள் ஆள் செய்ததாகிவிடும். குளியலறைத் தரையை அழகுக்காக உடைக்கவே வேண்டாம், அடியில் நீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு கிழியும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அது மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள் கொள்கின்றன. நிர்வாக அலுவலகத்தில் புதுப்பிப்பு வைப்புத்தொகை கட்டச் சொல்வார்கள். வாங்கும்போது ஒரே நாளில் வாங்குவார்கள், திருப்பும்போது 'குழு கூட வேண்டும்' என்பார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மாமியாருக்கு வழுக்காத ஓடு, கைப்பிடி. கைப்பிடியைச் செங்கல் சுவரில் துளையிட்டுப் பொருத்துங்கள், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வகை வேண்டாம்.

திறந்த சமையலறை படத்தில் அழகாக இருக்கும், ஏனென்றால் படத்தில் யாரும் நெத்திலிச் சம்பால் வதக்குவதில்லை. அடுப்புக்கு மேலே வைக்கும் புகைபோக்கி வெளியே குழாய் விடுகிறதா, கரி வடிகட்டியில் சுற்றி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். பல அடுக்குமாடிகளில் இரண்டாவதுதான். அப்படியானால் தாளிப்பின் எண்ணெய் சோபாவிலும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையிலும் போய் உட்காரும். நடுவே கண்ணாடிச் சறுக்குக் கதவு போடுங்கள், வெளிச்சம் வரும், நெடி வராது. மேடையின் உயரத்தைச் சமைப்பவர் நின்று பார்த்து முடிவு செய்யுங்கள். முழங்கையை மடக்கி, அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே. கிரைண்டர், 10 கிலோ அரிசிப் பை, தோசைக்கல், தீபாவளி முறுக்கு டின் எல்லாவற்றையும் அளந்து பட்டியல் கொடுத்த பிறகு கேபினட் வரையச் சொல்லுங்கள். ஸ்டைலான வீடு என்று நீங்கள் படங்களில் பார்ப்பது பாதிக்கு மேல் பொருள்கள் கண்ணில் படாத வீடுதான்.

சாமி மேடைக்குக் கதவு வேண்டாம் என்பதே என் பதில். விளக்கின் சூடு மேலே ஏறி அடுத்த தட்டின் அடியில் தேங்கும். முதலில் லேமினேட் மஞ்சளாகும், பிறகு உரியும், பிறகு கருகும். அவசரத்தில் யாராவது விளக்கோடு கதவைச் சாத்திவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு விதத்தில் கதவு வைக்கலாம். விளக்குத் தட்டு இழுப்பறை போல முன்னால் வர வேண்டும், மேல்தட்டின் விளிம்பைத் தாண்டி. அந்தத் தட்டு பலகையாக இல்லாமல் கல்லாகவோ ஓடாகவோ இருக்க வேண்டும், பின்சுவரும் அப்படியே. தட்டு வெளியே இருக்கும்போது கதவு மூட முடியாதபடி அமைக்க வேண்டும். மேற்புறம் புகை போக இடைவெளி வேண்டும், ஆனால் அந்த இடைவெளி நேராக வெள்ளைப் பிளாஸ்டர் சீலிங்குக்குப் போனால் ஆறு மாதத்தில் அங்கே கரிவட்டம் விழும், ஆகவே இடைவெளி முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். குளிர்சாதனமும் காற்றாடியும் நேரே வீசக்கூடாது. இதையெல்லாம் செய்தாலும் கார்த்திகைக்கு வரிசையாக அகல் ஏற்றும் நாளில் இந்த ஏற்பாடு போதாது, அன்று தனி மேசைதான். மின்விளக்கு மட்டும் போதும் என்றால் எப்படிப்பட்ட கதவும் வைக்கலாம், ஆனால் அதை உங்கள் மாமியாரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். கூடவே, அவர் தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர் என்பதால், நின்றபடியோ நாற்காலியில் அமர்ந்தபடியோ விளக்கேற்றும் உயரத்தை அவரை வைத்தே அளந்துகொள்ளுங்கள்.

பிளாஸ்டர் சீலிங்கை வீடு முழுவதும் இறக்க வேண்டாம். தரையிலிருந்து கூரை வரை அளந்து பாருங்கள். அரை அடி இறக்கினால் காற்றாடியும் அரை அடி இறங்கும், இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் குறையவே கூடாது. காற்றாடியின் கொக்கி கான்கிரீட்டில் மாட்டப்பட வேண்டும். விளக்கின் ஒளி நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை: படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் 3000 கெல்வின், சமையலறைக்கு 4000. நம்மவர்கள் வீடு முழுவதும் 6500 போட்டு மருந்தகம் போல ஆக்கிவிடுகிறார்கள்.

கணினிப் படத்தில் வரும் கட்டிலை நம்ப வேண்டாம். குயின் மெத்தை 152க்கு 190 சென்டிமீட்டர். அந்த அளவுக்குப் பழைய நாளிதழ்களை அறைத் தரையில் விரித்துவிட்டு, அலமாரிக் கதவு திறக்க இடமிருக்கிறதா என்று நடந்து பாருங்கள்.

நிறம்: சுவருக்கு வெளிறிய, சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை, மரச்சாயல் ஒன்றே ஒன்று. மாதிரி அட்டையைக் கடையில் பார்க்காமல் உங்கள் வரவேற்பறையில் மாலை ஐந்து மணிக்குப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் நமக்கு உச்சி வெயில் கூரையோடு போய்விடும், மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து வருவது மாலை வெயில்தான். அதற்கு நேர் எதிரேதான் உங்கள் இலவச டிவி சுவர் நிற்கப் போகிறது. பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து டிவி போடும் நேரத்தில் திரையில் ஜன்னல்தான் தெரியும். டிவியைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். அங்கே பிளக் பாயிண்ட் இல்லையென்றால், அதன் விலையையும் பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.