அல்டோவியா எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். டிசம்பர் வந்துவிட்டால் நானும் என் மகளும் கிறிஸ்துமஸ் காதல் படங்களாகப் பார்த்துத் தீர்ப்போம். தியேட்டருக்கு வராமல் டிவிக்கும் நெட்பிளிக்ஸுக்கும் என்றே எடுக்கிற படங்கள். இந்த வருடம் 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' படத்தை மறுபடியும் பார்த்தோம். நியூயார்க்கிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் அல்டோவியா என்ற நாட்டுக்குப் போகிறாள். அரண்மனைக்குள் நுழைந்தவளை இளவரசிக்குப் பாடம் சொல்லித்தர வந்த டீச்சர் என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள், அவளும் அப்படியே நடிக்கிறாள். கடைசியில் இளவரசனையே காதலிக்கிறாள்.

பார்த்து முடித்ததும் மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். மனசு கஷ்டமாகிவிட்டது. முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு தெரிகிறது என்கிறார் ஒருவர். இந்தப் படங்களில் பனி போலி, கையில் இருக்கும் காபி கப் காலி என்கிறார் இன்னொருவர். ஐரோப்பாவில் எங்கோ ஒரு நாடு, அங்கே எல்லாரும் எப்படி லண்டன் இங்கிலீஷ் பேசுகிறார்கள் என்று ஒரு கேள்வி. இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று எழுதியவர்களும் உண்டு. என் மகன் இதையெல்லாம் படித்துக் காட்டி எங்களைக் கேலி செய்கிறான். இவர்கள் சொல்வது சரிதானா? அப்புறம், இந்தப் படத்தின் அடுத்த இரண்டு பாகங்களையும் பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகனோடு சண்டை வேண்டாம். அவர் படித்துக் காட்டியதில் நியாயமும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது.

முடிவு முன்பே தெரிகிறது என்பதை நான் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். வள்ளி திருமணம் நாடகத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு முருகன் வள்ளியைக் கட்டுவாரா மாட்டாரா என்ற சந்தேகம் இருக்கிறது? வழியில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கத்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. காதல் கதையில் சேர்வார்கள் என்பது வாக்குறுதி. அதை மீறினால்தான் பார்க்கிறவர்களுக்குக் கோபம் வரவேண்டும்.

இந்தப் படங்கள் ஒரே அச்சில் இருப்பதற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. 1910இல் அமெரிக்காவில் வாழ்த்து அட்டை வியாபாரமாகத் தொடங்கிய ஹால்மார்க் நிறுவனத்தின் டிவி சேனல், 2009 முதல் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் கிறிஸ்துமஸ் படங்களை வரிசைகட்டிப் போடுகிறது. இரண்டு மணி நேர இடத்தில் படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, மீதி விளம்பரம். விளம்பரத்துக்கு எழுந்து போனவர் திரும்பி வரவேண்டுமே. அதனால் முத்தம் கொடுக்கப் போகிற நேரம் பார்த்துக் கதவு தட்டப்படும், போன் அடிக்கும், குழந்தை ஓடிவரும். 2017இல் உங்கள் படம் வந்தபோது நெட்பிளிக்ஸில் விளம்பரமே கிடையாது. ஆனால் கதை அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டுவிட்டது.

போலிப் பனியையும் நான் மன்னித்துவிடுவேன். ஹால்மார்க் படங்களில் பெரும்பாலானவை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பல சமயம் கோடையிலேயே, இரண்டு மூன்று வாரங்களில் எடுத்து முடிக்கப்படுகின்றன. தரையில் கிடப்பது காகிதக் கூழும் நுரையும். நடிகர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள். பேசும்போது வாயிலிருந்து புகை வராது, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். காலிக் கப்பை மட்டும் மன்னிக்க முடியவில்லை. சூடான காபி நிறைந்த கப்பைப் பிடிக்கிற கை அப்படிச் சர்வசாதாரணமாக ஆடாது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருந்தால் போதும்.

வேறு வேலை இல்லையா என்று கேட்டவர்களுக்கு வருகிறேன். படம் வந்தது 2017 நவம்பர் 17. அடுத்த மாதமே நெட்பிளிக்ஸ் தன் ட்விட்டர் கணக்கில், பதினெட்டு நாளாகத் தினமும் இந்தப் படத்தைப் பார்த்த 53 பேரைக் குறிப்பிட்டு, உங்களை யார் காயப்படுத்தியது என்று கேட்டது. பலர் சிரித்தார்கள். நாங்கள் வீட்டில் என்ன பார்க்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா என்று பலருக்குக் கோபம் வந்தது. தனி ஆட்களின் விவரம் எதையும் வெளியிடவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்தரங்கப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும். காசு கொடுத்துத் தன் படத்தைப் பார்த்தவர்களைப் படம் எடுத்தவனே கேலி செய்தது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. அந்த 53 வீடுகளில் படுக்கையை விட்டு எழ முடியாதவர் இருந்திருக்கலாம், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிற குழந்தை இருந்திருக்கலாம். ஒரு படம் பதினெட்டு நாளும் யாருக்கோ ஆறுதலாக இருந்தது என்றால், எடுத்தவர்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

இனி லண்டன் இங்கிலீஷ் விஷயம். நீங்கள் படித்த கருத்துகளிலேயே கனமானது அதுதான். எழுதியவர் போகிற போக்கில் கேட்டிருக்கிறார், நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அல்டோவியா என்று ஒரு நாடு கிடையாது. ஐரோப்பாவின் நடுவில் ஒரு கற்பனை ராஜ்யத்தை வைத்துக் காதல் கதை சொல்வது 1894இல் ஆந்தனி ஹோப் எழுதிய நாவலிலிருந்து நடந்துவருகிறது, அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் படம் எடுத்த இடம் கற்பனை இல்லையே. நீங்கள் பார்த்த அந்த அரண்மனை ருமேனியாவில், கார்பேத்திய மலையில் சினாயா என்ற ஊரில் இருக்கும் பெலெஷ் அரண்மனை. மன்னர் முதலாம் கரோல் 1873இல் கட்டத் தொடங்கி 1883இல் குடிபுகுந்தார். இப்போது அது அருங்காட்சியகம். கைதேர்ந்த தொழிலாளர்கள், குறைந்த செலவு, கூப்பிடு தூரத்தில் கோட்டைகள் என்பதால் வெளிநாட்டுப் படக்காரர்கள் ருமேனியாவுக்கு நிறையவே போகிறார்கள்.

அந்த வளாகத்தில் வாழ்ந்த கடைசி மன்னரின் பெயர் மிஹாய். பெலெஷை ஒட்டிய ஃபொய்ஷோர் மாளிகையில் 1921இல் பிறந்தவர். ஐந்து வயதில் ஒருமுறை மன்னரானார், பதினெட்டு வயதில் மறுபடியும் ஆனார். 1944 ஆகஸ்டில், ஹிட்லரோடு கூட்டுச் சேர்ந்திருந்த சர்வாதிகாரி அந்தோனெஸ்குவைக் கைது செய்யவைத்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுதான். 1947 நவம்பரில் லண்டனில் இளவரசி எலிசபெத்தின் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஆன் என்ற பெண்ணைச் சந்திக்கிறார். பிரான்ஸில் பிறந்த, அரச வம்சத்துப் பெண்தான். ஆனால் போருக்குத் தப்பி அமெரிக்கா போய், நியூயார்க்கில் மேசிஸ் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றவர். பிறகு பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ஆம்புலன்ஸ் ஓட்டியவர்.

நியூயார்க்கில் வேலை பார்த்த பெண், ஒரு இளம் மன்னர், டிசம்பர். உங்கள் படத்தின் கதையேதான், இல்லையா?

அந்த டிசம்பர் 30ஆம் தேதி கம்யூனிஸ்டுகள் மிஹாயை மிரட்டி முடியைத் துறக்கவைத்தார்கள். நாடும் போயிற்று. ஆன் கத்தோலிக்கர், மிஹாய் ஆர்த்தடாக்ஸ், கலப்புக் கல்யாணத்துக்குப் போப் சம்மதிக்கவில்லை. பெண் பின்வாங்கவில்லை. 1948 ஜூனில் ஏதென்ஸ் நகரில் ஆர்த்தடாக்ஸ் முறைப்படி கல்யாணம் நடந்தது. பிறகு நாடு விட்டு நாடு. இங்கிலாந்தில் கோழிப் பண்ணை வைத்தார் மிஹாய், விமானங்களைச் சோதித்து ஓட்டுகிற வேலையும் பார்த்தார். 2016இல் ஆன் இறக்கும்வரை, அறுபத்தெட்டு வருடம், சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

இதில் கிறிஸ்துமஸும் வருகிறது. ருமேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவைப் புரட்சியில் பிடித்துச் சுட்டுக் கொன்றது 1989 டிசம்பர் 25. சரியாக ஒரு வருடம் கழித்து, 1990 கிறிஸ்துமஸுக்கு, மிஹாய் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். கூர்த்தேயா தே ஆர்ஜெஷ் என்ற இடத்தில் இருக்கும் முன்னோர்களின் கல்லறையில் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. போலீஸ் நடுச்சாலையில் காரை மறித்தது. மறுநாளே நாட்டை விட்டு அனுப்பிவைத்தார்கள். 1992இல் ஈஸ்டருக்கு அனுமதி கிடைத்து வந்தபோது தெருவெல்லாம் ஜனக்கூட்டம்.

அவர் இறந்தது 2017 டிசம்பர் 5. உங்கள் படம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஸ்விட்சர்லாந்திலிருந்து சவப்பெட்டி வந்ததும் முதலில் பெலெஷ் அரண்மனைக்குத்தான் கொண்டுபோனார்கள். பிறகு புக்கரெஸ்ட் அரண்மனையில் வைத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். உலகம் முழுக்க வீட்டுத் திரைகளில் அந்த அரண்மனை முன்னால் ஒரு கற்பனை இளவரசன் காதலித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் இது நடந்தது. படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது எந்த ஊர் அரண்மனை என்று தெரிந்திருக்கும்?

என் மனக்குறை இதுதான். படக்குழு தன் கதையின் நிஜ வடிவம் நடந்த வாசலுக்கே போயிருக்கிறது. போய், சுவரை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு காதல் படத்துக்குள் புரட்சியையும் நாடுகடத்தலையும் திணிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அந்த மண்ணில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று பாருங்கள். டிசம்பர் 24 ராத்திரி ஆண்கள் கூட்டமாக வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். கொலிந்தத் என்று பெயர். ருமேனியாவுக்கும் மால்டோவாவுக்கும் பொதுவான இந்த வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்ற பாட்டு உண்டு, வீட்டுக்காரர் பணமும் பலகாரமும் கொடுப்பார். ஆட்டு முகமூடி கட்டிக்கொண்டு, மரத்தாடை படபடவென்று அடிக்க ஆடுகிறவர்கள் வருவார்கள். முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைத்த சர்மாலே இல்லாமல் அங்கே பண்டிகைச் சாப்பாடு கிடையாது. வால்நட் பூரணம் வைத்த கொசொனாக் ரொட்டி அடுப்பிலிருந்து வரும். இதில் ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்திருந்தால், அரண்மனைச் சமையல்காரிக்குச் சொந்த மொழியில் ஒரு பாட்டு கொடுத்திருந்தால், உங்கள் படம் எவ்வளவு இனிப்பாகியிருக்கும்! அதற்குத் தனியாகச் செலவும் இல்லை, பாடத் தெரிந்தவர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

அதனால் லண்டன் இங்கிலீஷைக் கேட்டவர் உச்சரிப்பைப் பற்றி மட்டும் கேட்டதாக நான் நினைக்கவில்லை. இந்த ஊரில் ஆட்களே இல்லையா என்று கேட்டிருக்கிறார். உங்கள் மகனிடம், இந்த ஒருவரோடு எனக்கும் உடன்பாடுதான் என்று சொல்லுங்கள். மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த பாகங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2018இல் வந்த இரண்டாம் பாகத்தில் கல்யாணம், 2019இல் வந்த மூன்றாம் பாகத்தில் குழந்தை. மூன்றாவதில் பழைய உடன்படிக்கை ஒன்று காணாமல் போய், அதைத் தேடுவதிலேயே நேரம் ஓடிவிடுகிறது. மகளுக்குப் பிடித்தால் பாருங்கள், நான் வற்புறுத்த மாட்டேன். இரண்டாவதை அவசியம் பாருங்கள். அதில், முதல் பாகத்தின் முடிவில் மன்னராகிவிட்ட இளவரசன், நாட்டைச் சீர்திருத்தும் திட்டம் ஒன்றைக் கொண்டுவருகிறான். பணம் எங்கேயோ போய்விடுகிறது, ஜனங்கள் தெருவில் இறங்கிச் சம்பளம் கேட்கிறார்கள். கொஞ்ச நேரம்தான் வருகிறார்கள், அவர்களும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். ஆனால் அல்டோவியாவிலும் வேலை செய்து பிழைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் படம் ஒத்துக்கொள்கிறது. மகனையும் கூட உட்காரவைத்துப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.